பெற்றோரைச் சாலை வழியே அழைத்துச் செல்லுங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மாநிலங்களில் உத்தியோகம் ஏற்று, இல்லம் அமைத்து, மக்களைப் பெற்று வாழ்ந்துவரும் தமிழ்ச் செல்வங்களுக்கு,



உங்களுள் எவரையும் நான் நேரில் அறியேன். ஆயினும், தஞ்சைத் தரணியில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், பெற்ற மக்கள் மூவரையும் உங்கள் நடுவே வாழ விட்டிருக்கும் தகப்பன் என்ற முறையிலும், உங்களிடம் மனம் திறந்து பேசுவதற்கு எனக்குச் சிறிது பாத்தியதை உண்டென்று எண்ணி இம்மடலை எழுதத் துணிந்தேன். என் இளைய மகள் நியூஹாம்ப்ஷயர் மாநிலத்து நாஷுவாவிலும், மகன் மாஸசூஸெட்ஸில் பாஸ்டனுக்கு மேற்கேயுள்ள ஆஷ்லந்திலும், மூத்த மகள் நியூஜெர்ஸியின் எடிசனிலும் குடியிருக்கிறார்கள். சென்ற ஆண்டு புரட்டாசியில் நானும் என் மனைவியும் சென்று, வடக்கே இளையவள் வீட்டில் தொடங்கித் தெற்கே மூத்தவள் வீட்டில் முடியுமாறு, ஒரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் இடையே விமானம் ஏறாமல், முற்றிலும் சாலை வழியாகவே பிரயாணம் செய்து வந்தோம். அப்பிரயாணம் எங்களுக்கு அளித்த நிறைவை உங்கள் பெற்றோரும் அடையவேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு வேண்டியவற்றைச் செய்யக்கூடியவர்கள் நீங்களே ஆதலால் உங்களை விளித்து எழுதுகிறேன்.

பெற்றோர் உங்களைக் காண வருவது பெரும்பாலும் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். மகளோ மருமகளோ கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி வந்ததும், பார்வையாளர் விசாவுக்காகச் சென்னைக்கு அலைந்து, பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் பிரசவ லேகியமும் கட்டிக்கொண்டு, பாஷை தெரியாத விமான நிலையங்களில் சக்கர நாற்காலியின் தயவால் வாயில் வாயிலாகக் கடந்து, தாயானவள் உங்கள் வீட்டில் வந்து இறங்குகிறாள். வழக்கமாக அனுமதிக்கப்படும் ஆறு மாதமும் சமையற்கட்டுக்கும் தொட்டிலுக்கும் இடையே கழிந்துவிடுகின்றது. தகப்பனோ, நடைபாதை என்பதே இல்லாத தெருக்கள் நிறைந்த புறநகரில், கார் ஓட்டத் தெரியாதவனுக்குக் கடைவீதியும் இல்லை, கோயிலும் இல்லை, நாலுபேர் கூடும் திண்ணையும் இல்லை என்ற நிலையில், ஜன்னலண்டை அமர்ந்து, நீங்கள் வேலையிலிருந்து திரும்பும் மாலைப்பொழுதை எதிர்பார்த்திருக்கிறான். நீங்கள் இருவர் மூவராக உடன்பிறந்து வெவ்வேறு ஊர்களில் இருப்பீர்களாயின் இன்னொரு துன்பமும் நேர்கிறது; ஒரு வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தாயும், மற்றொரு வீட்டில் பள்ளிப் பேருந்திலிருந்து பேரனை அழைத்துவரத் தகப்பனுமாக, நாற்பது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த இருவரையும் நீங்கள் பிரித்துவைத்துவிடுகிறீர்கள். உங்கள் தேவையின் நெருக்கடி எனக்குத் தெரியும். அந்நாட்டில் குழந்தைக் காப்பகத்துக்குக் கொடுக்கும் பணம் எவ்வளவு பாரமானது என்பதையும் என் மக்கள் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். இருந்தும் சொல்கிறேன், இப்படிப் பிரித்துவைப்பது கொடுமை. இரவு உணவுக்குப் பின் கைப்பேசியில் அவர்கள் ஒருவரையொருவர் மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்துக்கொள்வதைக் கேட்டுப் பார்த்தவர்கள் மறுபடியும் அவ்வாறு செய்யமாட்டார்கள்.

ஆகையால் முதல் வேண்டுகோள், இருவரையும் சேர்த்தே அழையுங்கள், சேர்த்தே ஊர் ஊராகக் கொண்டுபோங்கள் என்பது. இரண்டாவது, அவர்கள் குழந்தை பார்க்க வரும் முறை ஒன்றிருந்தால், ஒரு கடமையும் இன்றி உங்களைப் பார்ப்பதற்காக மட்டும் வரும் முறை இன்னொன்றும் இருக்கட்டும். அது இலையுதிர்காலமாக இருக்கட்டும்.

ஏன் அந்தப் பருவத்தைச் சொல்கிறேன் என்றால், கோடையில் பள்ளி விடுமுறையை முன்னிட்டு விமானக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் உச்சத்தில் நிற்க, குழந்தைகளும் நீச்சல் வகுப்பென்றும் முகாமென்றும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மார்கழி, தை மாதங்களிலோ பனியும் இருளும் முதியவர்களை வீட்டுக்குள்ளேயே அடைத்துவிடுகின்றன. இடைப்பட்ட புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் காற்று தெளிந்து, பகல் வெயில் இதமாகி, ஒரு கம்பளிச் சட்டையும் குல்லாயும் இருந்தால் எங்கள் வயதினர் தாராளமாக நடமாடலாம் என்ற நிலை ஏற்படுகிறது. நம் முன்னோர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். வடகிழக்குப் பருவமழை கொட்டி, வயல் வரப்பெல்லாம் நீரில் அமிழ்ந்து, வெளியூர்ப் பிரயாணத்தை எவரும் விரும்பாத காலம். அதே ஐப்பசி உங்கள் நாட்டில் பிரயாணத்துக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது என்பது எங்களுக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

அந்நாட்டில் இலைகளின் நிறமாற்றம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி இறங்கிவருகிறது. வெர்மான்ட், நியூஹாம்ப்ஷயர் ஆகியவற்றின் வட மலைகளில் செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் காடு முழுவதும் சிவந்து நிற்க, பாஸ்டன் சுற்றுப்புறத்தில் அக்டோபர் நடுவிலும், நியூஜெர்ஸியில் அம்மாதக் கடைசியிலும் நவம்பர் முதல் வாரத்திலுமாக அந்த மாற்றம் வந்து சேர்கிறது. வடக்கே உள்ள பிள்ளையின் வீட்டில் தொடங்கித் தெற்கு நோக்கி மெல்ல வருவீர்களாயின் வழிநெடுக அந்த நிறம் உங்களுடனேயே வரும். இதை எங்களுக்கு ஏற்பாடு செய்துகொடுத்தவள் என் இளைய மகள். நாஷுவாவிலிருந்து வடக்கே லிங்கன் என்னும் ஊருக்குச் சென்று, அங்கிருந்து கான்வே வரையில் 34 மைல் தூரத்துக்குச் செல்லும் காங்காமாகஸ் மலைச்சாலையில் அவள் குடும்பம் எங்களை அழைத்துப்போயிற்று. வழியில் கடையோ பெட்ரோல் நிலையமோ ஒன்றுமில்லை. இருபுறமும் காடு, கீழே பாறைகளின்மீது ஓடும் ஆறு, அவ்வளவே. ஆங்காங்கே வாகனத்தை ஒதுக்கி நிறுத்த இடம் விட்டிருக்கிறார்கள். அத்தகைய ஓரிடத்தில் நாங்கள் இறங்கி நின்றபொழுது, என் மனைவி, வாழ்நாளில் அதிகம் பேசாதவள், என் கையைப் பற்றிக்கொண்டு, இதையெல்லாம் பார்க்காமலே போயிருப்போமே என்றாள்.

அங்கேதான் நான்காம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி எனக்கு ஆசிரியையானாள். மஞ்சள் நிறம் இலையில் ஆதிமுதலே இருப்பது என்றும், பச்சையம் மேலோங்கியிருக்கும்வரை அது புலப்படாமல், பகல் குறுகிப் பச்சையம் சிதையும்போது வெளிப்படுகிறது என்றும், மேப்பிள் மரத்தின் சிவப்போ அவ்வாறன்றி, வெயில் மிகுந்த பகலும் குளிர்ந்த இரவும் கூடும் நாட்களில் இலையில் தேங்கிய சர்க்கரையைக் கொண்டு புதிதாகவே உண்டாகிறது என்றும் அவள் ஆங்கிலத்தில் விளக்க, நான் தமிழில் சந்தேகம் கேட்க, அவள் சொல்லத் தெரியாத இடத்தில் கையால் காட்டினாள். நம் ஊரில் இலவமும் தேக்கும் மழை ஓய்ந்த வறட்சிக் காலத்தில் இலையை உதிர்க்கும் என்றும், இலவமரம் இலையே இல்லாமல் நின்று பூக்கும் என்றும் நான் சொன்னதை அவள் நம்ப மறுத்தாள். குளிரில் அல்லவா இலை உதிரவேண்டும் என்பது அவளது வாதம். குளிருக்கு அஞ்சியும் மரம் இலையை விடும், நீருக்கு அஞ்சியும் விடும் என்று நான் கூறியபின் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த மேப்பிள் மரங்களின் சாற்றைப் பனிக்காலத்தின் முடிவில் துளையிட்டு வடித்து, ஏறத்தாழ 40 பங்கு சாறு ஒரு பங்காகச் சுண்டும்வரை காய்ச்சி, நம்மவர் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதுபோலவே பாகு எடுக்கிறார்கள் என்பதும் அவளிடமே நான் கற்றது.

இனி, சாலையைப் பற்றிச் சொல்லவேண்டும். இம்மடலின் நோக்கமே அதுதான். 1956-ஆம் ஆண்டு ஐசனோவர் ஜனாதிபதியாக இருந்த காலத்தில் இயற்றிய சட்டத்தால், 41,000 மைல் நீளத்துக்கு நாடு முழுவதையும் பிணைக்கத் திட்டமிட்டு அமைத்த நெடுஞ்சாலைகளில், வடக்கு தெற்காகச் செல்பவற்றுக்கு ஒற்றைப்படை எண்ணும் கிழக்கு மேற்காகச் செல்பவற்றுக்கு இரட்டைப்படை எண்ணும் கொடுத்திருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, முன்னிருக்கையில் அமர்ந்திருந்த எனக்கு வழி காட்டும் பலகைகள் பாடப்புத்தகமாகிவிட்டன. என் மகன் வீட்டுக்கு அருகே செல்லும் 90-ஆம் எண் சாலை பாஸ்டனில் தொடங்கி மேற்கே ஸியாட்டில் வரையில் 3,000 மைலுக்கு மேல் செல்கிறதாம். முன்னிருக்கையைத் தகப்பனுக்குக் கொடுங்கள். மகனோ மருமகனோ ஓட்டும் வாகனத்தில் அவன் முன்னால் அமர்ந்து, வலப்புறமாகச் செல்லும் அந்நாட்டு வழக்கத்தைக் கவனித்து, எண்களைப் படித்து, எத்தனை மைல் என்று கணக்கிட்டுக்கொண்டு வருவானாயின், அந்த நாடு அவனுக்கு அந்நியமாக இராது.

தாய்க்குப் பின்னிருக்கை, குழந்தைகளின் பக்கத்தில். சிறு குழந்தைகளை அவர்களுக்குரிய தனி இருக்கையில் வாரிட்டுக் கட்டியே கொண்டுபோகவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். வீட்டில் ஒரு நிமிஷம் நில்லாமல் ஓடும் குழந்தை, இந்தச் சட்டத்தின் பயனாக, மணிக்கணக்காகப் பாட்டியின் தோளருகே இருக்க நேர்கிறது. அந்த நேரத்தைக் கைக்கணினிக்கும் திரைப்படத்துக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று உங்களை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். முதல் அரைமணி சிணுங்குவார்கள், பிறகு பசிக்கும், இலையில் மடித்துக் கொண்டுவந்த புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவிய இட்டிலியும் வெளிவரும், அப்புறம் கேள்விகள் பிறக்கும். அப்பா சிறுவனாக இருந்தபோது அடி வாங்கியிருக்கிறாரா என்று என் பேரன் கேட்டான். எதற்காக வாங்கினார் என்று கேட்டான். உங்கள் வீட்டில் கிணறு இருந்ததா, அதில் யாராவது விழுந்திருக்கிறார்களா, மாட்டுக்குப் பெயர் வைத்திருந்தீர்களா என்று கேட்டுக்கொண்டே வந்தான். ஞாயிறுதோறும் காணொளியில் எங்களைக் கண்டு வணக்கம் சொல்லிவிட்டு ஓடிப்போகும் அதே பிள்ளைதான். கொச்சையும் ஆங்கிலமும் கலந்த தமிழில் அவன் பேச, என் மனைவி எதையும் திருத்தாமல் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆசிரியனாகிய எனக்கு நாக்கு துறுதுறுத்தும், அவள் பார்வையைக் கண்டு அடங்கியிருந்தேன். ஆஷ்லந்து சேரும்போது அவன் வாக்கியங்கள் நீண்டிருந்தன.

உங்களுக்கும் அந்தச் சாலை வேண்டும் என்பதை நான் பின்னர் அறிந்தேன். குழந்தைகள் உறங்கிவிட்ட பிறகு, வாகனம் ஓட்டுகிறவன் சாலையையும் பக்கத்தில் இருப்பவன் அதே சாலையையும் பார்த்திருக்கையில், முகம் பார்த்துச் சொல்ல இயலாத விஷயங்களும் வாயில் வருகின்றன. என் தாயார் காலமானபோது என் மகன் ஊருக்கு வரவில்லை. அப்பொழுது அவனுடைய விசா புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்தது; நாட்டைவிட்டு வெளியேறினால் திரும்பி நுழைவதற்கு முத்திரை கிடைக்க எத்தனை நாளாகும் என்று தெரியாது; உத்தியோகம் போனால் வீட்டுக் கடன் தவணையைக் கட்ட வழியில்லை. நிரந்தர வசிப்புரிமை அட்டைக்கு அவன் விண்ணப்பித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. வேலைவாய்ப்பின் பேரில் தரப்படும் அந்த அட்டைகளில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்க்கும் ஆண்டு மொத்தத்தில் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற விதியினால், பாரதத்தில் பிறந்தவர்களின் வரிசை பல்லாண்டு நீளத்துக்கு நிற்கிறது. இவற்றையெல்லாம் அவன் எங்களிடம் ஒருபோதும் விவரித்ததில்லை. நாங்கள் வருந்துவோம் என்று மறைத்தான். நாங்களோ, பாட்டியை எடுத்துப்போட வராத பேரன் என்று உறவினர் பேசியதை அவனிடம் சொல்லாமல் மறைத்தோம். சாலையில்தான், கண்களை முன்னே நிறுத்தியபடி, அவன் அதைச் சொன்னான். பாட்டியை நினைத்து அந்த வாரம் முழுவதும் அலுவலகத்தின் வாகன நிறுத்தத்தில் அமர்ந்து அழுதுவிட்டு வேலைக்குச் சென்றதாகச் சொன்னான். பின்னால் உறங்குவதாக நாங்கள் நினைத்திருந்த அவன் தாய் கையை நீட்டி அவன் தோளில் வைத்தாள். எங்கள் இல்லத்தில் அந்த விஷயம் அன்றோடு தீர்ந்தது. உங்களுள் எத்தனை பேரிடம் இப்படிப்பட்ட ஒன்று சொல்லப்படாமல் இருக்கிறதோ நான் அறியேன். அதைத் தொலைபேசியில் சொல்லமுடியாது என்பதை மட்டும் அறிவேன்.

நாஷுவாவிலிருந்து ஆஷ்லந்துக்குப் போகும் வழியில் கான்கார்ட் என்னும் ஊரும் அதையொட்டி வால்டன் குளமும் இருக்கின்றன. 1845 ஜூலை முதல் 1847 செப்டம்பர் வரை தோரோ என்ற அறிஞர் தம் கையாலேயே குடில் அமைத்து வாழ்ந்த இடம் அது. குடில் இருந்த நிலத்தைக் கல் நட்டு அடையாளமிட்டிருக்கிறார்கள். அநியாயமான அரசாங்கத்துக்குப் பணிய மறுப்பது பற்றி அவர் எழுதிய கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது காந்தியடிகள் படித்தார். தோரோவோ தம் வால்டன் நூலில் பகவத் கீதையைப் போற்றி எழுதியவர். இலையுதிர்கால நிறங்களைக் குறித்து அவர் எழுதிய நெடிய கட்டுரை, 44-ஆம் வயதில் அவர் மறைந்த 1862-ஆம் ஆண்டிலேயே அச்சேறிற்று. பள்ளியில் காந்தியடிகளைப் பற்றி எத்தனையோ முறை பாடம் நடத்திய நான், அந்தக் கரையில் நின்று, என் பேத்தியிடம் கீதையிலிருந்து கான்கார்டுக்கும், கான்கார்டிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கும், அங்கிருந்து தண்டி யாத்திரைக்கும் வந்த வழியைச் சொன்னேன். உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் இப்படி ஓர் இடம் இருக்க, பெற்றோர் வந்தால் நயாகராவும் சுதந்திர தேவி சிலையும் காட்டினால் போதும் என்று நீங்கள் எண்ணுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. நயாகராவைக் காட்டவேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் பெற்றோர் எதை அறிந்து வளர்ந்தவர்களோ அதன் தொடர்ச்சி அந்நாட்டில் எங்கெங்கே இருக்கிறது என்று தேடிக் காட்டுங்கள்.

அப்படி என் மகன் தேடிக் காட்டியதொன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பாஸ்டனுக்குத் தென்கிழக்கே கார்வர், வேர்ஹாம் என்ற ஊர்ப்புறங்களில் கிரான்பெரி என்னும் புளிப்புக் கனியைப் பயிரிடுகிறார்கள். அது தாழ்நிலத்தில் தரையோடு படர்வது. செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை அறுவடை. அறுவடைக்காக மடையைத் திறந்து வயலை நீரால் நிரப்பிவிடுகிறார்கள். கனியின் உள்ளே காற்றறைகள் இருப்பதால் கொடியிலிருந்து உதிர்ந்தவை அனைத்தும் மேலே மிதக்கின்றன. இடுப்பளவு நீரில் ரப்பர் உடை அணிந்த ஆட்கள் நின்று, மிதவைக் கயிற்றால் வளைத்து ஓரிடத்துக்கு ஒதுக்கிச் சேர்க்கிறார்கள். வாய்க்கால், வரப்பு, மதகு, தண்ணீர் முறை என்று காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு, அந்த வயலின் ஓரத்தில் நின்றபோது புரியாதது ஒன்றுமில்லை. தண்ணீரை எங்கிருந்து எடுக்கிறீர்கள், அறுத்தபின் எங்கே விடுகிறீர்கள் என்று நான் கேட்க, மகன் மொழிபெயர்க்க, அங்கே நின்றிருந்த வயது முதிர்ந்த விவசாயி ஒருவர், அடுத்த வயலுக்கு அதே நீரை விடுவதையும், குளத்தில் தேக்கி மறுபடி பயன்படுத்துவதையும் வெகு உற்சாகமாகக் காட்டினார். அந்நாட்டில் என்னிடம் என் தொழிலையும் ஊரையும் பற்றி விசாரித்த முதல் அந்நியர் அவர்தாம். திரும்பும்போது அவர் ஒரு பை நிறையக் கனி கொடுத்தார். என் மனைவி அதில் வெந்தயமும் பெருங்காயமும் போட்டுத் தொக்கு செய்தாள். எடிசன் வரையில் அது எங்களுடன் வந்தது.

கோயில்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆஷ்லந்தில் ஸ்ரீலட்சுமி கோயில் இருக்கிறது. வழியில் நியூயார்க்கின் ஃபிளஷிங் பகுதியில், ஐக்கிய நாடுகள் சபையில் பணிபுரிந்த அழகப்பா அழகப்பன் முதலியோரின் முயற்சியால் எழுந்து, 1977 ஜூலை 4-ஆம் தேதி கும்பாபிஷேகம் கண்ட பிள்ளையார் கோயிலையும் தரிசித்தோம். கீழ்த்தளத்து உணவுச்சாலையில் தோசை சாப்பிட்டோம். என் மனைவிக்கு அந்தத் தோசை பிடித்திருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வீடுகளைப் பற்றி ஒரு சொல். பெண்ணைக் கொடுத்த வீட்டில் பல நாள் தங்கி உண்பது முறையன்று என்ற சம்பிரதாயத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். உங்கள் மாமனார், மாமியார்களும் அவ்வாறே. மகள் வீட்டில் நாங்கள் கொள்ளும் கூச்சத்தை மருமகன்கள் மட்டுமே போக்கமுடியும். நாஷுவாவில் நவராத்திரிக்குக் கொலு வைத்தார்கள். படிகளை அடுக்கியவர் மருமகன், பொம்மைகளை வரிசைப்படுத்தும் பொறுப்பை என் மனைவிக்கு விட்டுவிட்டார். அந்த ஒரு செயலால் அவளுக்கு அது அந்நிய வீடாக இல்லாமல் போயிற்று. மருமகளுக்கும் ஒன்று சொல்வேன்: மாமியாருக்காக வீட்டைப் புரட்டிப் போட்டுத் துடைத்து, புதுப்புதுப் பதார்த்தம் செய்து களைத்துப்போகாதீர்கள், நீங்கள் வேலைக்குப் போகும் அவசரத்தில் சாப்பிடும் ரொட்டித்துண்டை அவர்களும் சாப்பிடட்டும். இம்மடலைப் படிக்கும் என்னையொத்த முதியவர்கள் இருப்பாராயின் அவர்களுக்கும் என் விண்ணப்பம் ஒன்று உண்டு. ஒரு வீட்டுச் சேதியை மறு வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். மூத்தவள் வீடு பெரியது, இளையவள் பிள்ளைகளுக்குத் தமிழ் நன்றாக வருகிறது, மகன் வீட்டில் விளக்கு ஏற்றுவதில்லை என்ற ஒப்பீடுகளைச் சாலையோரத்திலேயே விட்டுவிட்டுப் படியேறுங்கள். மூன்று வீடுகளும் நமக்கே உரியவை. மூன்றிலும் நாம் சில நாள் விருந்தினர்.

ஏற்பாடுகளில் கவனிக்கவேண்டியவை சில உண்டு. முதியோருக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு பார்வையாளர்க்கு இல்லை; தனியார் பிரயாணக் காப்பீடுகளோ முன்பிருந்த வியாதிகளுக்குப் பெரும்பாலும் பொறுப்பேற்பதில்லை; ஆகையால் பத்திரத்தின் சிறிய எழுத்துக்களை நீங்களே படித்து வாங்குங்கள், முகவர் சொல்லை மட்டும் நம்பாதீர்கள். மருந்துகளை ஊரிலிருந்தே சீட்டுடன் போதுமான அளவு எடுத்துவரச் செய்யுங்கள். நீரிழிவுக்காரர் எனில் சர்க்கரை தாழ்ந்தால் கொடுக்க ஏதேனும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நெடுநேரம் காலை மடக்கி அமர்ந்தால் இரத்தம் உறைந்து ஆபத்து விளையலாம் என்பதால், ஒன்றரை மணிக்கு ஒருமுறை, அவர்கள் வேண்டாம் என்றாலும், நிறுத்தி நடக்கச் செய்யுங்கள். கழிவறைக்குப் போகவேண்டும் என்று கேட்க வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் வருவது எங்கள் தலைமுறையின் சுபாவம், கேட்கும்வரை காத்திராதீர்கள். அக்டோபர், நவம்பர் மான்கள் இணைசேரும் காலம். அந்தி வேளையிலும் விடியலிலும் அவை திடீரென்று சாலையில் பாயும். பகலும் அப்பொழுது வேகமாகக் குறுகுகிறது. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னே தள்ளியதும் பாஸ்டனில் மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. ஆதலால் காலையில் புறப்பட்டு வெளிச்சத்திலேயே சேர்ந்துவிடுங்கள். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டவேண்டாம். ஆஷ்லந்திலிருந்து எடிசனுக்கு ஒரே நாளில் வரக்கூடியதாயினும், ஹார்ட்ஃபோர்டில் ஓரிரவு தங்கியே நாங்கள் வந்தோம்; அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இவ்வளவுக்கும் விடுமுறை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். அக்டோபர் இரண்டாம் திங்களன்று உங்களில் பலருக்கு விடுமுறை. அதோடு சனி, ஞாயிறும் சேர்ந்தால் வடக்கே உள்ள உடன்பிறந்தார் வீட்டுக்குப் பெற்றோரை அழைத்துப்போகவோ, அங்கிருந்து அழைத்துவரவோ போதும். ஒருவரே எல்லாத் தூரமும் ஓட்டவேண்டியதில்லை. எங்களை மகள் பாதி வழி கொண்டுவந்துவிட, மகன் அங்கே வந்து ஏற்றுக்கொண்டான். அந்தச் சந்திப்பில், வெகுநாளாக முகம் காணாத அண்ணனும் தங்கையும் ஒரு மரத்தடி மேஜையில் அமர்ந்து தயிர்சாதம் சாப்பிட்டதை என் மனைவி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். பணம் செலவாகும், நான்கு பேருக்கு இருவழி விமானச் சீட்டு வாங்கி நீங்கள் ஊருக்கு வந்துபோகும் செலவோடு ஒப்பிட்டால் குறைவே.

உங்கள் பெற்றோர் எங்களைக் கூப்பிடு என்று கேட்கமாட்டார்கள். உங்களுக்கு வேலை அதிகம், குழந்தைகளுக்குப் பள்ளி இருக்கிறது, எங்களால் உங்களுக்குச் சிரமம் என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லை நம்பிவிடாதீர்கள். முழங்கால் படியேறும்வரையிலும், கண் பலகையைப் படிக்கும்வரையிலும்தான் இத்தகைய பிரயாணம் அவர்களுக்குக் கூடும். அந்த ஆண்டுகள் பல அல்ல. விசா நேர்காணலுக்கு நாள் கிடைக்கவே பல மாதங்கள் ஆகலாம் என்பதால் மாசி மாதத்திலேயே விண்ணப்பிக்கவேண்டும். இன்றிரவே உங்கள் அண்ணனையோ அக்காளையோ தம்பியையோ தொலைபேசியில் அழைத்து, யார் வீட்டில் கொலு, யார் வீட்டில் தீபாவளி, யார் எங்கிருந்து எதுவரை ஓட்டுவது என்று பேசி முடித்து, நாளைக் காலை ஊருக்குச் சொல்லிவிடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் பெற்றோரின் வயதையொத்த ஒருவன்